வயிற்றில் புடைத்த நரம்பும் பாதியில் நின்றுபோகும் வைத்தியமும்

கோயிலில் பாம்பு தோன்றியது, பூசாரியிடம் பேசியது, ஆயிரம் நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தவருக்கு லாட்டரி விழுந்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கிச் செத்தார்... இப்படி ஒரு நோட்டீஸ் வராத தெரு தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் இருந்திருக்காது. நோட்டீஸ் போய் எஸ்.எம்.எஸ். வந்தது, அப்புறம் வாட்ஸப் வந்தது. ரத்தம் கக்குவது மட்டும் மாறவே இல்லை! முனி அடித்துவிட்டது, செய்வினை வைத்துவிட்டார்கள், உச்சி வெயிலில் புளியமரத்தடியில் போனான் என்றெல்லாம் கிராமங்களில் காரணம் சொல்வதும் உண்டு.

முனி பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நேற்று வரை நடமாடிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று ரத்தமாக வாந்தி எடுக்கிறார் என்றால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். குடல்புண் ஒன்று. அதைவிட ஆபத்தான இன்னொன்று, உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ புடைத்து நிற்கும் ரத்தக்குழாய் வெடிப்பது. டாக்டர்கள் இதை வேரிசஸ் என்கிறார்கள். நம்மவர்கள் "வயிற்றில் நரம்பு வீங்கி வெடித்துவிட்டது" என்பார்கள். (நரம்பு வேறு, ரத்தக்குழாய் வேறுதான். ஆனால் கையில் பச்சையாகத் தெரிவதையும் நாம் நரம்பு என்றுதானே சொல்கிறோம், விட்டுவிடுவோம்.)

இப்படி வெடித்த ரத்தக்குழாயை வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியாக எண்டோஸ்கோபி குழாயை விட்டே அடைக்க முடியும். இது புது விஷயமும் இல்லை, சுமார் 40 வருடமாக இருக்கிறது. ஆனாலும் இந்த வைத்தியத்தைப் பற்றி நம்மிடம் ஒரு பெரிய தப்பெண்ணம் இருக்கிறது. ரத்தம் நின்றுவிட்டால் வைத்தியம் முடிந்துவிட்டது என்று நோயாளி நினைக்கிறார், குடும்பம் நினைக்கிறது, மொத்த ஏற்பாடும் அப்படித்தான் நினைப்பதுபோல் நடந்துகொள்கிறது. உண்மையில் அன்றைக்குத்தான் வைத்தியம் ஆரம்பிக்கிறது!

ஏன் புடைக்கிறது?

நாம் சாப்பிட்டது செரித்து ரத்தத்தில் கலந்ததும் அந்த ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. இரைப்பை, குடல், மண்ணீரல் எல்லாவற்றிலிருந்தும் வரும் ரத்தம் ஒரு பெரிய குழாயில் சேர்ந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரலுக்குக் கிடைக்கும் ரத்தத்தில் முக்கால் பங்கு இந்த வழியில்தான் வருகிறது. ஒரு சுங்கச்சாவடி மாதிரி. எல்லா வண்டியும் அங்கே நின்று, சோதனை முடிந்துதான் போக வேண்டும்.

கல்லீரல் கெட்டு, தழும்பு விழுந்து இறுகிப்போனால் (சிரோசிஸ் என்பது இதுதான்) சுங்கச்சாவடி அடைத்துக்கொள்கிறது. பின்னால் வண்டிகள் குவிகின்றன, அழுத்தம் ஏறுகிறது. சாதாரணமாக 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் 10ஐத் தாண்டினால் ரத்தக்குழாய்கள் புடைக்க ஆரம்பிக்கும், 12க்கு மேல் போனால் வெடிக்கும் அபாயம். நம் வண்டி ஓட்டிகளைப் போலவே ரத்தமும் சந்து பொந்தில் புகுந்து குறுக்கு வழி தேடுகிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியிலும் இரைப்பையின் மேல் மூலையிலும் இருக்கும் மெல்லிய குழாய்கள்தான் அந்தச் சந்துகள். அவை இத்தனை ரத்தத்தைத் தாங்கக் கட்டப்பட்டவை அல்ல.

இதில் கொடுமை என்னவென்றால் வலி கிடையாது. வீங்குவதும் தெரியாது, எப்போது வெடிக்கும் என்பதும் தெரியாது. சிலருக்குத் தார் போலக் கறுப்பாக மலம் போவது முதல் அறிகுறி. அதையும் "சூடு" என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

டெல்லி ஜி.பி.பந்த் மருத்துவமனையில் டாக்டர் ஷிவ் குமார் சரின் குழுவினர் இப்படி அழுத்தம் ஏறிய 568 நோயாளிகளைப் பல வருடம் கவனித்து 1992இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு இரைப்பையிலும் புடைப்பு இருந்தது. உணவுக்குழாயில் இருப்பதைவிட இவை குறைவாகத்தான் வெடிக்கும், ஆனால் வெடித்தால் ரத்தம் மிக அதிகமாகப் போகும். இரைப்பையில் எந்த இடத்தில் புடைப்பு என்பதை வைத்து அவர்கள் பிரித்த நாலு வகைகளைத்தான் இன்றும் உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒரு இந்திய அரசு மருத்துவமனையின் வேலை இது. கிரிக்கெட் ஸ்கோர் தெரிந்த அளவுக்கு நமக்கு இதெல்லாம் தெரிவதில்லை!

ரப்பர் வளையம், பசை

எண்டோஸ்கோப்பை வைத்து இந்தக் குழாய்களை அடைக்கும் முயற்சி 1939லேயே ஸ்வீடனில் நடந்தது. கிராஃபோர்டு, ஃபிரெங்க்னர் என்ற இரண்டு டாக்டர்கள் புடைத்த குழாய்க்குள் மருந்து ஊசி போட்டு அதைச் சுருங்க வைத்தார்கள். அப்போது வளையாத இரும்புக் குழாய்தான், நோயாளியின் கதியை நினைத்துப் பாருங்கள். அப்புறம் அறுவை சிகிச்சை பக்கம் கவனம் போய், வளையும் எண்டோஸ்கோப் வந்த பிறகுதான் இந்த ஊசி மறுபடி பிரபலமானது.

1980களில் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் டாக்டர் ஸ்டீக்மன் இதைவிட எளிமையான ஒன்றைச் செய்தார். மூல நோய்க்கு ரப்பர் வளையம் போடும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. அதையே உணவுக்குழாய்க்குக் கொண்டுபோனார். எண்டோஸ்கோப்பின் நுனியில் ஒரு சின்ன மூடி, அதன்மேல் இழுத்து மாட்டிய ரப்பர் வளையங்கள். புடைத்த குழாயை மூடிக்குள் உறிஞ்சி இழுத்து வளையத்தைத் தட்டிவிட்டால் கழுத்தில் சுருக்குப் போட்ட மாதிரி இறுகிக்கொள்ளும். சில நாட்களில் அந்த இடம் காய்ந்து விழுந்து தழும்பாகிவிடும். 1992இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் ஊசியைவிட இதுவே மேல் என்று தெரிந்த பிறகு, உணவுக்குழாய்க்கு உலகம் முழுக்க வளையம்தான்.

ஆனால் இரைப்பையின் மேல் மூலையில் இந்த வித்தை பலிக்கவில்லை. அங்கே குழாய்கள் பெரியவை, ஆழத்தில் இருப்பவை. முழுசாக உறிஞ்சி வளையம் போட முடியாது. பாதியில் போட்ட வளையம் சில நாளில் கழன்று விழுந்தால் அடியில் வாயைத் திறந்துகொண்டு ஒரு பெரிய குழாய் நிற்கும். முன்னைவிட மோசம்.

இங்கேதான் பசை வருகிறது. ஆமாம், பசைதான்! பெட்டிக்கடையில் தொங்கும் ஃபெவிக்விக் சமாசாரத்தின் ஒன்றுவிட்ட தம்பி. இந்த சயனோஅக்ரிலேட் குடும்பத்தை 1942இல் கோடாக் கம்பெனியில் ஹாரி கூவர் என்பவர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கண்ணாடிக்காகப் பிளாஸ்டிக் தேடும்போது தற்செயலாகக் கண்டார். தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டு கழுத்தறுக்கிறது என்று தூக்கிப் போட்டார்கள். அப்புறம் 1958இல் அதுவே பசையாக விற்பனைக்கு வந்தது. வியட்நாம் போரில் அடிபட்ட வீரர்களின் காயத்தில் தெளித்து ரத்தத்தை நிறுத்தப் பயன்பட்டது. 1986இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் டாக்டர் நிப் சோஹெந்திராவின் குழு இந்த வகைப் பசையை எண்டோஸ்கோப் வழியாக இரைப்பையின் புடைத்த குழாய்க்குள்ளேயே ஊசியால் செலுத்திக் காட்டியது. ரத்தம் பட்டதும் சில நொடிகளில் பசை கெட்டிப்பட்டு, குழாய் உள்ளேயே அடைபடுகிறது. அந்தக் கட்டி வாரங்கள், மாதங்கள் கழித்து மெதுவாக இரைப்பைக்குள் உதிர்ந்துவிடும். (வீட்டில் இருக்கும் பசை வேறு, மருத்துவத்துக்கான பசையின் ரசாயனம் வேறு. யாரும் விபரீத ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம்.)

கேட்க சுலபமாக இருக்கிறது. செய்பவர்களுக்குத்தான் தெரியும் கஷ்டம். கொஞ்சம் தாமதித்தால் பசை ஊசிக்குள்ளேயே இறுகிவிடும். எண்டோஸ்கோப்புக்குள் சிந்தினால் லட்சக்கணக்கான ரூபாய் கருவி பாழாகலாம். சீக்கிரம் இறுகாமல் இருக்கவும் எக்ஸ்ரேயில் தெரியவும் லிப்பியோடால் என்ற அயோடின் எண்ணெயைக் கலக்கிறார்கள். அளவு கூடிப்போனாலோ வேகம் தப்பினாலோ பசைத் துணுக்கு ரத்தத்தோடு ஓடி நுரையீரலில் போய் அடைக்கலாம், அபூர்வமாக மூளைக்கும் போகலாம். ஒரு தடவைக்குச் செலுத்துவது ஒரு மில்லி அளவுதான். டாக்டரும் பக்கத்தில் நிற்கும் உதவியாளரும் ஒரே தாளத்தில் வேலை செய்தால்தான் காரியம் நடக்கும்.

ரத்தம் நின்றால் போதுமா?

இத்தனை பேரின் உழைப்பால் நடந்தது சாதாரண விஷயம் அல்ல. 1980களில் இப்படி ரத்தம் கக்கியவர்களில் பத்துக்கு நாலு பேர் ஆறு வாரத்துக்குள் இறந்துபோனார்கள். இப்போது நல்ல மருத்துவமனைகளில் அது ஐந்தில் ஒருவர், அதற்கும் குறைவு. வந்தவுடன் அழுத்தம் குறைக்கும் மருந்து, ஆன்டிபயாடிக், அளவாக ரத்தம் ஏற்றுவது, 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி என்று எல்லாம் சேர்ந்து செய்த மாற்றம் இது. (அளவாக என்பது முக்கியம். தாராளமாக ரத்தம் ஏற்றினால் அழுத்தம் கூடி மறுபடி வெடிக்கிறது என்பதை 2013இல் பார்சிலோனா டாக்டர்கள் காட்டினார்கள். பாட்டில் பாட்டிலாக ஏற்றச் சொல்லி டாக்டரிடம் சண்டை போடும் சொந்தக்காரர்கள் கவனிக்கவும்.)

ஆனால் வளையமும் பசையும் அடைப்பது வெடித்த இடத்தை மட்டும்தான். கல்லீரல் அப்படியேதான் இருக்கிறது, அழுத்தமும் அப்படியே. வாய்க்காலில் ஒரு உடைப்பை மூடினால் தண்ணீர் அடுத்த பலவீனமான கரையைத் தேடும். மேற்கொண்டு எதுவும் செய்யாமல் விட்டால் ஒன்றிரண்டு வருடத்துக்குள் பத்தில் ஆறு பேருக்கு மறுபடி ரத்தம் வரும்.

அதனால்தான் உணவுக்குழாய் என்றால் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவை வந்து, புடைப்பு எல்லாம் மறையும் வரை வளையம் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். கூடவே தினமும் ப்ரோப்ரனலால் அல்லது கார்வெடிலால் மாத்திரை. ப்ரோப்ரனலால் இந்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை 1980இல் பாரிஸில் டாக்டர் லெப்ரெக் குழு கண்டுபிடித்தது. விலை அதிகமில்லாத பழைய மாத்திரை அது. (ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது, டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது.) இரைப்பை என்றால் மாத்திரை மட்டும் போதாது. ஜி.பி.பந்த் மருத்துவமனையிலேயே நடந்து 2010இல் வெளியான ஆய்வில், பசையைத் திரும்பத் திரும்பப் போட்டு முழுசாக அடைத்தவர்களில் நூற்றுக்கு 15 பேருக்குத்தான் மறுபடி ரத்தம் வந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 55 பேருக்கு! புடைப்பு மறைந்த பிறகும் ஆறு மாதம், வருடம் என்று ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கொத்தனாரின் கணக்கு

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கொத்தனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கக்கிய ராத்திரி ஊரே கூடுகிறது. 108 வருகிறது, யாரோ பணம் தருகிறார்கள், யாரோ ரத்தம் தருகிறார்கள். அரசு மருத்துவமனையில் பசை வைத்துக் காப்பாற்றிவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடுகிறார். நாக்கு ருசி திரும்பிவிட்டது, வலி இல்லை, வேலைக்கும் போகலாம் போலிருக்கிறது.

மூன்றாவது வாரம் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் காலையிலேயே அங்கே இருக்க வேண்டும் என்பதால் முந்தின நாளே கிளம்ப வேண்டும். மயக்க மருந்து கொடுத்தால் தனியாக விட மாட்டார்கள், மனைவியும் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். இரண்டு பேர், இரண்டு நாள், நாலு தடவை: பதினாறு நாள் கூலி. எண்டோஸ்கோபி இலவசம் என்பதால் இந்தச் செலவு யார் கணக்கிலும் வராது. இது அந்த வீட்டின் கணக்கில் மட்டும்தான் வருகிறது. அதுவும் எதற்கு? எந்தத் தொந்தரவும் இல்லாத ஒரு உடம்புக்கு, கஷ்டமான ஒரு குழாயை மறுபடி விழுங்குவதற்கு! அவர் போகாமல் இருப்பதை அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். கையில் இருக்கும் தகவலை வைத்துப் பார்த்தால் அவர் போட்ட கணக்கு சரிதான். அவருக்குக் கொடுக்கப்பட்ட தகவல்தான் தப்பு. டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் ஆங்கிலத்தில் கிறுக்கிய ஒரு வரி, "ரிவ்யூ". அது பிழைப்பதற்கான நிபந்தனை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரே ராத்திரியில் வரும் செலவுக்கு நன்கொடையாளர் கிடைப்பார். மாதாமாதம் வரும் சின்னச் செலவுக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள். கம்பெனிக் கணக்கில்கூட மெஷின் வாங்கினால் திறப்பு விழா உண்டு, ஆயில் போட்டதற்கு விழா எடுத்தவர் யாரும் இல்லை.

"குடிகாரனுக்கு எதுக்குச் செலவு?"

இந்தக் கேள்வி உடனே வரும், வராமல் இருக்காது. முதலில், இந்த நோய் வந்தவர்கள் எல்லாரும் குடிகாரர்கள் இல்லை. ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள், சர்க்கரை வியாதியோடும் உடல் பருமனோடும் வரும் கொழுப்புக் கல்லீரல் எல்லாம் கடைசியில் இங்கேதான் கொண்டுவந்து விடும். ஒரு சொட்டு தொடாத வீட்டுப் பெண்களும் இதில் உண்டு. இந்தியாவில் குழந்தைகள் ரத்த வாந்தி எடுப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், கல்லீரலுக்குப் போகும் அந்தப் பெரிய குழாயே அடைத்துக்கொள்வது. அவர்களுக்குக் கல்லீரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். புடைப்பை ஒழுங்காக அடைத்துவந்தால் நன்றாக வளர்ந்து வேலைக்குப் போகலாம். அப்படி ஒரு பத்து வயதுப் பையனை "அப்பன் குடிச்சிருப்பான்" என்று பேசும் வாய்கள் இருக்கின்றன. சொல்லுக்குப் பயந்தே வெளியே சொல்லாமல், திரும்பவும் வராமல் இருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன.

சரி, குடிப்பவர் என்றே வைத்துக்கொள்வோம். 2003இலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில், அதாவது அரசின் கையில். 2023-24 நிதியாண்டில் அதன் மூலம் அரசுக்கு வந்த வரி வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். வியாபாரத்தில் ஒரு பாடம் உண்டு: விற்ற பொருளால் வரப்போகும் செலவுக்கு விற்ற அன்றே ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் காட்டும் லாபம் பொய் லாபம். வரியை வாங்கும்போது "குடிகாரன் காசு" என்று யாரும் முகம் சுளிப்பதில்லையே! குடியை நிறுத்தினால் கல்லீரல் ஓரளவு தேறும், அழுத்தமும் குறையும் என்பதும் உண்மை. மூன்றாவது வாரம் திரும்ப வருகிறவரிடம்தான் அதைப் பக்குவமாகப் பேச முடியும். வராதவரிடம் யார் பேசுவது?

டாக்டர்கள் குறைவு, எண்டோஸ்கோபி அறையில் ஏற்கெனவே நெரிசல், எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டால் தாங்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நடுராத்திரியில் ரத்தத்தோடு வரும் ஒருவருக்கு ஐ.சி.யூ. படுக்கை, ரத்த பாட்டில்கள், எழுப்பிக் கொண்டுவரப்படும் டாக்டர் எல்லாம் வேண்டும். பகலில் தேதி கொடுத்து வரவழைக்கும் ஒருவருக்கு அரை மணி நேரம் போதும். சிரோசிஸ் உள்ள எல்லாருக்கும் முன்கூட்டியே எண்டோஸ்கோபி செய்யவும் அவசியமில்லை. கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 20க்குக் கீழே, பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தால் தள்ளிப்போடலாம் என்று 2015இல் இத்தாலியின் பவேனோவில் கூடிய நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த இடங்களை நம் கொத்தனாருக்குக் கொடுக்கலாம்.

புதிதாக ஒரு இலாகாவும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அட்டை கொடுத்து அடுத்த தேதி எழுதிக் கொடுக்கும் பழக்கம் கிராம செவிலியர்களுக்குப் பல வருடமாக உண்டு. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்தது. அதே பையில் டாக்டர் எழுதிய இந்த மாத்திரையும் வரலாம். கூடவே ஒரு அட்டை. அதில் எங்கே பசை வைத்தார்கள், எத்தனை வளையம், அடுத்து வர வேண்டிய தேதி, ரத்தம் வந்தால் அல்லது மலம் கறுத்தால் எந்த மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதெல்லாம் தமிழில், பெரிய எழுத்தில். தேதிக்கு வராதவருக்கு மறுநாளே ஒரு போன். அந்த நாலு நடைக்கும் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுத்தால்கூட, ராத்திரியில் ஒரு தடவை ஐ.சி.யூ.வில் ஆகும் செலவை அது எட்டுமா என்பதை யாராவது ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து போட்டுப் பார்க்கட்டும்.